ஈப்போவில் கேட்ட தவில் வீட்டில் கேட்கவில்லை

என் அக்காள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்து, அத்தானிடம் ஏற்கெனவே இருந்த சிடி பிளேயரோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுக்கும் வேலையை ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். ஆறு வாரம் பிடித்தது. அதில் நான்கு வாரம் குற்றவாளி இல்லாத இடங்களில் தேடியதில் போயிற்று. அந்தத் தாமதத்துக்கு நான் எடுத்த ஓர் அளவீடுதான் முக்கியக் காரணம் என்பதால், அதை மறைக்காமல் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வரிசை வீடு வாங்கிக் குடிவந்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களைவிடக் கவனமாக அவர் ஏற்றி வந்தவை குறுந்தட்டுகள் அடங்கிய நான்கு பெட்டிகள். நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருந்தவன்; மின்சாரம் என் தொழில், ஒலி என் பொழுதுபோக்கு. அவருடைய ஆம்ப்ளிஃபையரைச் சில ஆண்டுகளுக்கு முன் நானே கட்டிக் கொடுத்தேன். எல்எம்3886 என்னும் சிப் இரண்டை வைத்துச் செய்த எளிய அமைப்பு அது. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்குச் சுமார் 30 வாட் தரும். அதன் முகப்பிலுள்ள வால்யூம் கன்ட்ரோல் 10 கிலோ ஓம் உடையது. ஏன் 10 என்றால், அன்று என் இழுப்பறையில் இருந்தது அதுதான்.

அவருடைய பழைய ஸ்பீக்கர்களைக் கெடுத்தது நம் ஊர்க் காற்று. கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் விளிம்பு பாலியூரிதேன் நுரையால் ஆனதாக இருந்தால், இங்குள்ள ஈரப்பதத்தில் அந்த நுரை நீரோடு வினைபுரிந்து மெல்லச் சிதைகிறது. பார்வைக்கு முழுதாகவே இருக்கும். விரல் பட்டால் தேநீரில் நனைத்த பிஸ்கட்டாக உதிர்ந்துவிடும். பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முகப்புத் துணியைக் கழற்றி அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். ரப்பர் விளிம்பு இதைவிட நெடுநாள் தாங்குகிறது. ‘கித்தா மரத்து நிழலில் பிறந்தவனுக்குக் கித்தா ஸ்பீக்கர்தான் சரி’ என்று அத்தான் மகிழ்ந்துபோனார். ஸ்பீக்கரில் வைக்கும் ரப்பர் பெரும்பாலும் செயற்கை ரப்பர் என்று சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போ எங்கள் ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது. பயன்படுத்திய ஒலிக்கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்கு அக்காள், அத்தான், நான் மூவரும் போனோம். அத்தானின் சிடி பிளேயரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். கடையில் இருக்கும் கருவியோடு கேட்டுவிட்டு வீட்டில் வேறொன்றோடு இணைப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம். அந்த எண்ணம் சரிதான், ஆனால் பாதிதான் சரி. பிளேயரை எடுத்துச் சென்ற நான் ஆம்ப்ளிஃபையரை எடுத்துச் செல்லவில்லை. அது கனம், சூடு தணிக்கும் அலுமினியத் தகடு வேறு கையைக் கிழிக்கும்.

கேட்பதற்கு நான்கு தட்டுகள் கொண்டுபோனோம். முதலாவது நாதஸ்வரக் கச்சேரி. நாதஸ்வரம் உச்சத்தில் ஏறும்போது, மேல்சுரம் பாடும் ட்வீட்டரும் கீழ்ச்சுரம் பாடும் வூஃபரும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் கோளாறு இருந்தால் காதைக் குத்தும். தவிலின் தொப்பிப் பக்கத்தில் கோல் விழும் அடி, கீழ்ச்சுரத்தின் பலத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது, டி.எம். சௌந்தரராஜன் பாடிய பழைய திரைப்பாடல்களின் தொகுப்பு. அக்காலத்து ஒலிப்பதிவு மோனோ; இரு பக்கமும் ஒரே ஒலி வருவதால், ஸ்பீக்கர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் குரல் இரண்டுக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கும் அகலத்தில் நிற்க வேண்டும். பரவினாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஏதோ ஒன்று தவறு. மூன்றாவது, வெறும் பேச்சு. மனிதக் குரலை நாம் பிறந்தது முதல் கேட்டு வருவதால் அதில் ஏமாறுவது கடினம். நான்காவது, அக்காள் மகன் ஆடாசிட்டி மென்பொருளில் உருவாக்கித் தட்டில் பதிந்து கொடுத்த சோதனை ஒலிகள்: 40, 100, 400 ஹெர்ட்ஸ் தனிச் சுரங்களும், அலைவரிசை முழுவதும் பரவிய இரைச்சலும். வீட்டில் பதியும் தட்டு கடையில் வாங்கும் தட்டைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அத்தானின் பிளேயர் சற்றுத் தயங்கித்தான் அதைப் படித்தது.

கடைக்காரர் அன்பானவர், பேச்சு மட்டும் கூடுதல். இந்த ஸ்பீக்கர் பளிச்சென்று பாடும், ஆகையால் இதமான பிளேயர் வேண்டும். அந்த ஸ்பீக்கர் சோம்பல், அதற்குச் சுறுசுறுப்பான பிளேயர் வேண்டும் என்று திருமணப் பொருத்தம் பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். பத்துப் பொருத்தத்தையும் அவர் வாயால் பார்த்தார். நான் எண்ணால் பார்க்க விரும்பினேன். குறுந்தட்டும் அதன் பிளேயரும் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 16 பிட் என்ற அளவு இன்றுவரை மாறவில்லை. முழு அளவுச் சுரத்துக்குப் பிளேயர் சுமார் 2 வோல்ட் தருவதும் வழக்கமாகிவிட்டது. பிளேயரின் வெளிவழித் தடை, அதாவது ஒலி மின்னோட்டமாக வெளியேறும் வழியிலுள்ள மின்தடை, பெரும்பாலும் சில நூறு ஓம். ஆம்ப்ளிஃபையரின் உள்வழித் தடை பத்தாயிரங்களில் இருக்கும். வாங்குகிற பக்கத்தின் தடை கொடுக்கிற பக்கத்தின் தடையைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தால், அந்த மூட்டில் இழப்பு ஏதும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை நம்பித்தான் 10 கிலோ ஓம் போதும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

கடையில் எங்களுக்குப் பிடித்தவை இரண்டு ஜோடி. ஒன்று தரையில் நிற்கும் பெரிய பெட்டி: 10 அங்குல வூஃபர், பின்புறத்தில் 91 டெசிபல், 6 ஓம் என்று அச்சிட்டிருந்தது. மற்றொன்று தாங்கியின்மேல் வைக்கும் சிறிய மூடிய பெட்டி: ரப்பர் விளிம்பு, 84 டெசிபல், 8 ஓம். கடைக்காரர் வால்யூமைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் காட்டினார். பெரியது உடனே வென்றது. வெல்லாமல் என்ன செய்யும்? ஒரே மின்னழுத்தத்துக்கு 7 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதென்றால், சிறிய பெட்டி அதே ஒலியைத் தர ஐந்து மடங்கு வாட் வேண்டும். சற்றே உரக்கக் கேட்பதை ‘உரக்கக் கேட்கிறது’ என்று நம் காது சொல்வதில்லை. ‘தெளிவாக இருக்கிறது, உயிர் இருக்கிறது’ என்றுதான் சொல்கிறது.

ஆகவே இரைச்சல் தடத்தை ஓடவிட்டு, அக்காள் உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியை வைத்து ஒலியளவு காட்டும் செயலியில் இரண்டு ஜோடிக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமின் இரண்டு நிலைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். கைப்பேசி காட்டும் எண் உண்மையான டெசிபலா என்பது வேறு கேள்வி. ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். அளவைச் சமமாக்கிய பிறகு பெரிய பெட்டியில் சௌந்தரராஜனின் குரல் கனத்துப்போய்க் கேட்டது. ‘அவருக்குத் தொண்டையில சளி கட்டுன மாதிரி இருக்குடா’ என்றார் அக்காள். நாற்பது நிமிடத்தில் நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அது. பெரிய பெட்டியின் விளிம்பு நுரை. ஒருமுறை மாற்றி ஒட்டப்பட்டது. கூம்பின் இரு ஓரங்களிலும் விரல்களை வைத்துச் சமமாக உள்ளே அழுத்தியபோது இடப்பக்கப் பெட்டியில் மணல் உரசுவதுபோல் ஒரு சத்தம். ஒட்டியவர் கூம்பை நடுவில் நிறுத்தவில்லை. கூம்போடு ஒட்டிய கம்பிச் சுருள், காந்தத்தின் இடைவெளியில் உரசுகிறது. மீட்டரில் அதன் நேர்மின் தடையும் 3.4 ஓம்தான் காட்டியது. 6 ஓம் என்று அச்சிட்ட பெட்டிக்கு அது குறைவு. என் ஆம்ப்ளிஃபையருக்கு வீண் சூடு. சிறியதையே எடுத்தோம். விலை 900 வெள்ளி; 200 வெள்ளி முன்பணம் கொடுத்து, வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு ஒத்துவராவிட்டால் திருப்பித் தருவதாக ஏற்பாடு. இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாத கடையில் நான் ஸ்பீக்கர் வாங்க மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்தபோது தவிலைக் காணவில்லை.

நாதஸ்வரம் இருந்தது, தவிலின் மறுபக்கமான வலந்தலையில் விரல்கூடு படும் சொடுக்கும் இருந்தது. தொப்பியின் அடி மட்டும் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. ஈப்போவில் இதே ஸ்பீக்கரில், இதே பிளேயரில், இதே தட்டில் கடையின் கண்ணாடியே அதிர்ந்ததை மூவரும் கேட்டிருந்தோம். முதலில் துருவத்தைச் சோதித்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் கம்பி மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கீழ்ச்சுரம் ஒன்றையொன்று விழுங்கிவிடும். 1.5 வோல்ட் பேட்டரியைக் கம்பி முனைகளில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டும் வந்தன. மோனோப் பாட்டும் நடுவிலேயே நின்றது. கம்பி வீட்டு மின்னிணைப்புக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போகவர 10 மீட்டருக்குத் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. அதில் பழி போட இடமில்லை.

அடுத்தது அறை. கூடம் 20 அடி நீளம், 12 அடி அகலம். தரை டைல், ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிச் சன்னல். கையைத் தட்டினால் சுவருக்குச் சுவர் பட்டுத் தந்தி மீட்டியதுபோல் ஒரு நடுக்கம் திரும்பி வரும். கடைக்காரர் சொன்னபடி ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே வைத்திருந்தேன். ஸ்பீக்கரிலிருந்து பின்னே போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, அந்தத் தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் சுரத்தில் நேர் ஒலிக்கு எதிராக வந்து சேர்கிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், ஒரு மீட்டருக்கு அந்தச் சுரம் 86 ஹெர்ட்ஸ். தவில் தொப்பியின் கனம் குடியிருக்கும் அக்கம்பக்கம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற எக்களிப்பில் பெட்டிகளைச் சுவருக்கு 45 சென்டிமீட்டர் வரை தள்ளினேன். பள்ளம் 190 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. சுவரின் துணையால் கீழ்ச்சுரமும் சற்றுக் கூடியது. தவில் கொஞ்சம் உயிர்பெற்றது. ஆனாலும் ஈப்போவின் தவில் இல்லை. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், முன்னே இழுத்துப் பார்த்தேன். சமையலறைக்குப் போகும் வழியை அடைக்கிறது என்று அக்காள் இரண்டாவது நாளே அதைத் திருப்பித் தள்ளிவிட்டார். மாலையில் மழை பிடித்தால் முன்வாசல் தகரக் கூரையின் இரைச்சலில் எதையும் கேட்டுத் தீர்மானிக்க முடியாது என்பதால், இந்தச் சோதனைகளெல்லாம் காலை வேளையில்தான் நடந்தன; வாரங்கள் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தட்டுகளைத் துடைத்தால் சரியாகும் என்பது அத்தானின் கட்சி. துடைப்பதில் தவறில்லை, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. வட்டமாக விழும் கீறல் தடத்தின் வழியாகவே ஓடும். ஆனால் கீறலால் தவில் மட்டும் மெலியாது. குறுந்தட்டில் தகவலைக் கலைத்துப் போட்டுத் திருத்தக் குறியோடு எழுதியிருப்பதால், தடத்தின் நீளவாட்டில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து படிக்க முடியாமல் போனாலும் பிளேயர் அதை முழுமையாகத் திருத்திக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் இடைவெளியை ஊகித்து நிரப்பும், பிறகு டிக் டிக் என்னும், கடைசியில் தாவும். தேய்ந்த ஒலிநாடாவைப்போல் ‘மங்கிப் போவது’ அதன் வழக்கம் அல்ல.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். இரண்டாவது வாரமே பிளேயரின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. அதன் பின்புறக் கம்பிகளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, சோதனைத் தட்டை ஓடவிட்டு, மல்டிமீட்டரை மாறுமின் வோல்ட்டில் வைத்து அளந்தேன். 400 ஹெர்ட்ஸில் 2.02 வோல்ட், 40 ஹெர்ட்ஸில் இடப்பக்கம் 1.98. இரண்டு சத வேறுபாடு. மீட்டரின் பிழையாக இருக்கும் என்று தள்ளிவிட்டு, ‘பிளேயர் நலம்’ என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டேன். அந்தக் கோடு மூன்று வாரத்துக்கு என் கண்ணைக் கட்டிவிட்டது. (மலிவான மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை மனத்தில் வைத்துச் செய்தவை, 1000 ஹெர்ட்ஸுக்குப் போனால் குறைத்துக் காட்டும். 400க்கு மேல் நான் போகாததன் காரணம் அது.)

முடிச்சை அவிழ்த்தவர் அக்காள். ஐந்தாவது வாரம், நான் வேலையை மூட்டை கட்டி ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த டிவிடி பிளேயரை என் ஆம்ப்ளிஃபையரில் செருகி, வழக்கமான தட்டைப் போட்டுவிட்டுக் கோலப்பொடி எடுக்கப் போயிருக்கிறார். வாசலிலிருந்தே கூப்பிட்டார்: ‘டேய், இதுல மட்டும் மேளம் நல்லா கேக்குதே!’

அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். ‘பாத்தியா மச்சான், சிடி பிளேயருக்குப் போட்ட காசெல்லாம் வீண்’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நான் மீட்டரை எடுத்தேன். இந்த முறை கம்பிகளை ஆம்ப்ளிஃபையரில் செருகியபடியே வைத்து, ஸ்பீக்கர் கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் உள்வாயிலில் அளந்தேன். முழு அளவுச் சுரத்தை அளக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றாவிட்டால் ஒரு கை தவறினாலும் வூஃபர் போய்விடும். டிவிடி பிளேயர் 400 ஹெர்ட்ஸில் 1.71 வோல்ட், 40 ஹெர்ட்ஸிலும் 1.71. அத்தானின் சிடி பிளேயர் 400 ஹெர்ட்ஸில் இடப்பக்கம் 1.98, வலப்பக்கம் 1.99; 40 ஹெர்ட்ஸில் இடப்பக்கம் 0.90, வலப்பக்கம் 1.07. அதாவது தவிலின் அடிப்பகுதி, ஒரு பக்கத்தில் ஏழு டெசிபலும் மறுபக்கத்தில் ஐந்தரை டெசிபலும் கீழே கிடந்தது. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தில் போட்ட கோட்டைப் பார்த்தேன்.

பிளேயரின் வெளிவாயிலில் தொடராக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். நேர்மின் கசிவை அது தடுக்கும், இசையை விடும். அதற்கும் அடுத்த கருவியின் உள்வழித் தடைக்கும் இடையே ஒரு கணக்கு உண்டு: கெப்பாசிட்டரின் அளவும் தடையும் குறையக் குறைய, கீழ்ச்சுரம் வெட்டுப்படும் எல்லை மேலே ஏறும். அங்கே 10 மைக்ரோஃபாரட் இருந்தால் என் 10 கிலோ ஓமுக்கு எல்லை 1.6 ஹெர்ட்ஸ், கவலையே இல்லை. அது 0.2 மைக்ரோஃபாரடாக வற்றிப்போனால் எல்லை 80 ஹெர்ட்ஸ். அதே வற்றிய கெப்பாசிட்டரை 47 கிலோ ஓம் உள்ள ஆம்ப்ளிஃபையரில் செருகினால் எல்லை 17 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபல்கூட இல்லை. தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர், ஈப்போவில் நாங்கள் கேட்ட ஆம்ப்ளிஃபையரின் கையேட்டைப் புரட்டி 47 கிலோ ஓம் என்றே வாசித்தார். கம்பியைக் கழற்றி அளந்த என் மீட்டரின் தடையோ 10 மெகா ஓம். அந்நிலையில் எந்த நோயாளியும் ஆரோக்கியமாகவே தெரிவான். 2.02க்கும் 1.98க்கும் இடையிலிருந்த அந்தச் சிறு இடைவெளி மீட்டரின் பிழை அல்ல, நோயின் முதல் அறிகுறி.

ஆகவே சிடி பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் இல்லாமல் போகவில்லை. பிளேயரின் கிழட்டுக் கெப்பாசிட்டருக்கும் நான் இழுப்பறையிலிருந்து எடுத்துப் பூட்டிய வால்யூம் கன்ட்ரோலுக்கும்தான் பொருத்தம் இல்லை.

மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, கால் மணி நேரம் விட்டு மூடியைத் திறந்தேன். மூடி திறந்த நிலையில் பிளேயரை ஓட்டக் கூடாது. லேசர் 780 நானோமீட்டர் கதிர், கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடிக்கொள்ளாது. உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடு, எறும்புப் புற்றின் மண், இவற்றைத் தூரிகையால் துடைத்தேன். வெளிவாயிலுக்குப் பின்னால் 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று எழுதிய இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் சூட்டுத் தகட்டை ஒட்டி நின்றன. அடுப்பங்கரையில் தண்ணீர்க் குடத்தை வைத்ததுபோன்ற இடம். பல்லாண்டுச் சூட்டில் உள்ளிருந்த ஈரம் வற்றியிருக்கிறது. கழற்றி அளந்தபோது இடப்பக்கம் 0.2, வலப்பக்கம் 0.25. வெளித்தோற்றத்தில் உப்பலோ கசிவோ இல்லை; கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பவர் தாண்டிப் போயிருப்பார்.

புதிதாக 22 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 பாகை வெப்பம் தாங்கும் வகை இரண்டு வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வெள்ளிகூட ஆகவில்லை. பலகையில் குறித்திருந்த திசை பார்த்து வைத்து, ரெகுலேட்டரின் தகட்டிலிருந்து சற்று விலக்கிச் சாய்த்து சோல்டர் செய்தேன். மறுபடி அளந்ததில் இரு பக்கமும் 400இலும் 40இலும் 2.02 வோல்ட்.

தவில் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கூடம் தாங்கவில்லை. நோய்க்கு ஈடுகட்டத்தான் ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே தள்ளியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நோய் போன பிறகு அந்த இடம் மிகையாகிவிட்டது. பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர், இரு பெட்டிகளுக்கும் இடையே 2.1 மீட்டர், சோபாவிலிருந்து 2.4 மீட்டர் என்று மூன்று காலைப்பொழுதில் இடம் படிந்தது. சன்னலுக்குக் கனத்த திரை போட்டதில் கைதட்டலின் நடுக்கமும் அடங்கியது. 12 அடி அகலத்துக்கே உரிய 47 ஹெர்ட்ஸ் முழக்கம் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. அதைத் திரை தீர்க்காது. சோபாவை முன்னே இழுத்தால் குறையும், அதற்கு அக்காளின் அனுமதி இல்லை.

அத்தானின் கேள்வி மட்டும் பாக்கி. ரிப்பேர் செய்த சிடி பிளேயரா, டிவிடி பிளேயரா, எது இந்த ஸ்பீக்கருக்கு நல்லது? அவரிடம் அந்த நாதஸ்வரத் தட்டு இரண்டு பிரதி இருந்தது. வாங்கியதை மறந்து மறுபடி வாங்கியிருக்கிறார். இரண்டு பிளேயரிலும் ஒவ்வொன்றைப் போட்டு, ஒரே கணத்தில் ஓடவிட்டு, ஒரு மாற்றுச் சுவிட்சின் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தேன். கருவிகள்மேல் போர்வை. அக்காள் மகன் காசு சுண்டித் தலையா பூவா என்று பார்த்துச் சுவிட்சைத் தள்ளுவான். அவன் முகத்தைக்கூட அக்காள் பார்க்காதபடி முதுகைக் காட்டி உட்கார வைத்தோம். எட்டு முறை. எட்டு முறையும் சிடி பிளேயரை அக்காள் சரியாகச் சொன்னார், ‘இதுதான் தெளிவு’ என்று காரணமும் சொன்னார்.

அத்தான் கட்சி மாறி, சிடி பிளேயருக்குப் போட்ட காசு வீண்போகவில்லை என்றார். நான் இன்னும் ஒரு வேலை செய்தேன். 2.02 வோல்ட்டும் 1.71 வோல்ட்டும் ஒன்றல்ல, இடையே 1.4 டெசிபல் இருக்கிறது. சிடி பிளேயரின் கம்பியில் பக்கத்துக்கு ஒரு 1.8 கிலோ ஓம் தடையைத் தொடராக வைத்தேன். என் வால்யூம் கன்ட்ரோல் எந்த நிலையிலும் 10 கிலோ ஓமாகவே இருப்பதால், 11.8இல் 10 பங்கு என்ற கணக்கில் உள்வாயிலில் 1.71 வோல்ட் வந்தது. நாலு வாரம் என்னை அலைக்கழித்த அதே 10 கிலோ ஓம், இந்தக் கணக்கைச் சுலபமாக்கிக் கொடுத்தது. மறுபடி எட்டு முறை. இப்போது அக்காள் சரியாகச் சொன்னது ஐந்து. காசைச் சுண்டிப் பதில் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். ஏழோ எட்டோ வந்திருந்தால் யோசித்திருப்பேன், ஏனென்றால் வெறும் ஊகத்தில் அப்படி வருவதற்கு நூற்றில் மூன்றரைக்கு மேல் வாய்ப்பில்லை. நான் உட்கார்ந்தபோது நான்கு. அத்தான் உட்கார மறுத்துவிட்டார்.

ஸ்பீக்கரை மாற்றினால் கண்ணைக் கட்டிக்கொண்டாலும் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லிவிடுவார். பழுதில்லாத இரண்டு பிளேயர்களை, அளவைச் சமமாக்கிய பிறகு, இந்தக் கூடத்தில் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைக்காரரிடம் மீதி 700 வெள்ளியைக் கொடுக்கப் போனபோது இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, இதமான பிளேயர் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, கேட்கிறீர்களா என்றார்.

டிவிடி பிளேயர் தொலைக்காட்சிக்குக் கீழே தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. 1.8 கிலோ ஓம் தடைகளைக் கழற்றிவிட்டேன். வால்யூம் கன்ட்ரோலை மாற்றவில்லை, 22 மைக்ரோஃபாரடுக்கு 10 கிலோ ஓம் இப்போது பாரமில்லை. சிடி பிளேயரின் தட்டு வாங்கும் தட்டம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. அதை இழுக்கும் சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும்வரை அத்தான் ஒவ்வொரு முறையும் சுட்டுவிரலால் தள்ளி மூடுகிறார்.